கட்டைவிரல்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை உண்டு. அகலம் கொஞ்சம்தான், நீளம் அதிகம். கிணற்றடியில் தொடங்கிப் பின்சந்து மதில் வரை போகும். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர். விதை விழுந்தால் போதும், மண் பார்த்துக்கொள்ளும். அம்மா அங்கே பாத்தி கட்டியதில்லை, தொட்டி வைத்ததில்லை. முளைத்ததை இருக்க விடுவாள். வேண்டும்போது போய்ப் பறித்துக்கொண்டு வருவாள்.

சளி பிடித்தால் தூதுவளை ரசம். முழங்கால் வலி என்றால் முடக்கத்தான் தோசை. வாய் கசக்கிறது, பசியே இல்லை என்று யாராவது சொன்னால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பிரண்டைக்கு நார் உரிக்க உட்காருவாள். எண்ணெய் இல்லாமல் தொட்டால் கை அரிக்கும், சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும். அம்மா செய்த துவையல் ஒரு நாளும் அரித்ததில்லை.

கறிவேப்பிலை மரத்தில் ஒரு கிளையை மட்டும் அவள் தொட மாட்டாள். அதில் புழு இருக்கும். காக்கை எச்சம் விழுந்து காய்ந்தது மாதிரி வெள்ளையும் பழுப்புமாக இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாளில் பச்சையாகித் தடித்துவிடும். "அது பாட்டுக்குத் தின்னட்டும்டா, பட்டாம்பூச்சி ஆகப்போவுது" என்பாள். பள்ளிக்கூடம் போன வயதில் எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. வேலைக்கு என்று சென்னைக்கு வந்த முப்பது வருஷத்தில் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பெயர்தான் மிஞ்சியிருந்தது: அம்மா செடி.

2022 ஆனியில் அம்மா போனாள். வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வருஷம் முதல் திதி வந்தது. அக்கா குடும்பம், சித்தப்பாக்கள், அம்மாவோடு பழகியவர்கள் என்று நாற்பது பேருக்குச் சாப்பாடு. கொல்லையில் காடு மண்டிக் கிடக்கிறது, பாம்பு இருந்தாலும் தெரியாது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். தோட்ட வேலைக்கு ஒரு பெரியவர் இருக்கிறார், நம்பலாம், பக்கத்தில் மூன்று வீட்டுக்கு அவர்தான் வருகிறார் என்று நம்பர் கொடுத்தார்.

பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய குரல். நாளைக்கு 700 ரூபாய், நாலு நாள் வேலை என்று பேசினோம். "நீங்க ஒரு தடவ வந்து காமிச்சிட்டீங்கன்னா நல்லாருக்கும் தம்பி" என்றார். எனக்கு அப்போது ஆடிட் நேரம். "காமிக்க என்ன இருக்கு பெரியவரே, எதிர்வீட்ல சாவி வாங்கிக்குங்க, கொல்லையச் சுத்தம் பண்ணிடுங்க. ஏதாவதுன்னா வாட்ஸ்அப்ல போடுங்க" என்றேன். அவருக்கு எழுதத் தெரியாது. போனும் பேரனுடையது என்று சொன்னார். "அப்ப பேசி அனுப்புங்க" என்றேன்.

திதிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா திருச்சியிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். பையைக்கூடப் பிரிக்கவில்லை. கையில் ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, மறுநாள் துவையலுக்குப் பிரண்டை ஒடிக்கப் பின்கட்டுக்குப் போனாள். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். போனவளிடமிருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். கொல்லைக் கதவைத் திறந்தபடி, தாம்பாளத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கிணற்றடியிலிருந்து மதில் வரைக்கும் வெறும் மண். கொத்திக் கிளறிச் சமப்படுத்திய, ஈரம் காயாத கறுப்பு மண். மதில்மேல் பிரண்டை படர்ந்திருந்த இடத்தில் அதன் தழும்பு மட்டும் இருந்தது. இருவாட்சிப் புதர் இல்லை. கறிவேப்பிலை இடுப்பளவுக்கு வெட்டப்பட்டுக் குச்சியாக நின்றது. மூலையில் அம்மா வைத்த அகத்தி மரம் இருந்த இடத்தில் ஒரு குழி. கீரை பறித்தால் முதல் கட்டு எதிர்வீட்டுப் பசுவுக்கு, அடுத்ததுதான் நமக்கு என்று அவள் வைத்திருந்த மரம்.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?" என்றாள் அக்கா. அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஐயர் வருவதற்கு முன்னால் பெரியவர் கூலிக்கு வந்தார். கூடப் பேரன். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசல்படிக்குக் கீழேயே நின்றார். திண்ணையில் சித்தப்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு முன்னால் அவரோடு பேசிய எல்லாப் பேச்சிலும் "நீங்க, வாங்க" என்றுதான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"யாரைக் கேட்டுய்யா எல்லாத்தையும் புடுங்கினே?"

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். "நீங்க" எப்படி "நீ" ஆனது என்று எனக்கே தெரியாது. ஒரு மூச்சுக்குள் ஆகிவிட்டது.

"கேட்டேனே தம்பி... போன்ல..." என்று ஆரம்பித்தார்.

"நான் சுத்தம் பண்ணச் சொன்னேன். மொட்டையடிக்கச் சொல்லல. எங்க அம்மா முப்பது வருஷமா வச்சிருந்தது எல்லாம். உனக்கு என்ன தெரியும்?"

பையன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "தாத்தா, காமிக்கவா?" என்றான். அவர் அவன் கையைப் பிடித்து இறக்கினார். "வேணாம்டா. தெவசம் நடக்கிற வீடு" என்றார். அது எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் பையன் எதைக் காட்ட வந்தான் என்று நான் கேட்கவில்லை.

2800 ரூபாய் தரவேண்டிய இடத்தில் 1400 கொடுத்தேன். அவர் எண்ணவில்லை, துண்டு முனையில் முடிந்துகொண்டு போனார். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மளிகைக் கடைக்குப் போனேன். "என்னண்ணே, இப்படி ஒரு ஆளைச் சொல்லிட்டீங்க. கேக்காம கொள்ளாம அத்தனையும் பிடுங்கிப் போட்டிருக்காரு" என்று, கடையில் நின்ற நாலு பேர் கேட்கச் சொன்னேன். சென்னையிலிருந்து வந்தவன், தாயைப் பறிகொடுத்தவன், வயிறெரிந்து சொல்கிறான். யார் நம்பமாட்டார்கள்?

அந்தக் கதையை நான் எட்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் சொன்னேன், உறவில் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும், கேட்கிறவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டவராகிக்கொண்டே வந்தார்.

2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி. போனில் இடமில்லை, பழையதை அழி என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. படுத்தபடியே ஒவ்வொரு பெயராக அழித்துக்கொண்டு வந்தேன். "தோட்டம் கும்பகோணம்" என்று சேமித்திருந்த பெயர் வந்தது. அழிப்பதற்கு முன்னால் திறந்து பார்த்தேன்.

மூன்று குரல்பதிவுகள் இருந்தன. கேட்டுவிட்டால் நீலமாக மாறுகிற அந்தச் சின்ன மைக் படம் மூன்றிலும் பச்சையாகவே இருந்தது. ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் மூன்றுக்கும் பதில் இருந்தது. நான் அனுப்பிய பதில்.

மனைவி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து பால்கனிக்குப் போனேன். முதல் பதிவைத் தொட்டேன். 48 விநாடி.

"தம்பி, வணக்கம். நாந்தான் பேசுறேன். முள்ளு, பார்த்தீனியம் எல்லாம் எடுத்தாச்சு. அது விஷம், இருக்கக் கூடாது. இப்ப மதிலோரம் வந்திருக்கேன். இங்க இருக்கிறது காட்டுச் செடி இல்ல தம்பி. யாரோ பாத்துப் பாத்து விட்டு வச்ச மாதிரி இருக்கு. தூதுவளை இருக்கு, முடக்கத்தான் படர்ந்து கெடக்கு, செவுத்து மேல பிரண்டை. இதெல்லாம் இருக்கட்டுமா, எடுக்கணுமா? ஒரு வார்த்த சொல்லுங்க."

அதற்குக் கீழே என் பதில். ஒரு கட்டைவிரல்.

இரண்டாவது, 1 நிமிடம் 12 விநாடி. "தம்பி, கட்டைவிரல் போட்டிருக்கீங்கன்னு பேரன் சொல்றான். இருக்கட்டும்ங்கிறீங்களா, எடுங்கிறீங்களா, எனக்கு வெளங்கல. கிணத்தடியில கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி எல்லாம் இருக்கு. தும்ப இருக்கு. நல்ல இருவாச்சி ஒண்ணு நிக்குது. கறிவேப்பிலையில பட்டாம்பூச்சிப் புழு இருக்கு, அதுக்கு மருந்து கிருந்து அடிக்கல. விசேஷத்துக்கு ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னீங்க. அதனால எல்லாத்தையும் எடுக்கணுமா, இல்ல வழிய மட்டும் விட்டாப் போதுமா? வாயால சொல்லிடுங்க தம்பி."

அதற்கு நான் வாயால் சொல்லவில்லை. எழுதியிருந்தேன்: "ஆமாம். எல்லாத்தையும் எடுத்துடுங்க."

எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அதை எழுதினேன் என்று இப்போதும் நினைவுக்கு வரவில்லை. வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று சொல்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்திருப்பேன். ஒன்றே கால் நிமிடம் ஒரு கிழவர் குரலைக் காதில் வைத்துக் கேட்க எனக்குப் பொறுமை இல்லாமல் இருந்திருக்கிறது.

மூன்றாவது பதிவைத் தொடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. கீழே தெருவில் பால் வண்டி வந்து நின்றது. அது கிளம்பிப் போகும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"சரி தம்பி. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லியிருக்கீங்கன்னு பேரன் படிச்சுக் காமிச்சான். எடுத்துடுறோம். அகத்தி ஒண்ணு நிக்குது மூலையில. நான் இருவது வருஷம் கொடிக்கால்ல வேல பாத்தவன் தம்பி. அகத்திய வெட்டக் கை வரமாட்டேங்குது. அத மட்டும் நாளைக்குக் காலையில வெட்டுறேன். ராத்திரிக்குள்ள வேணாம்னு தோணுச்சுன்னா ஒரு போன் போடுங்க."

அவர் எனக்கு ஒரு ராத்திரி முழுக்க அவகாசம் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை 7.10க்கு என் பதில் போயிருக்கிறது. இன்னொரு கட்டைவிரல்.

எங்கள் தாத்தா காலத்தில் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்திருக்கிறார்கள். வேறு வழி இல்லாத மனிதர்கள் அவர்கள். எனக்குக் காது இருந்தது. நேரமும் இருந்தது. நான் வைத்த கைநாட்டில் போனது என் அம்மாவின் கொல்லை. அந்தப் பையன் போனை நீட்டினானே, இதைத்தான் காட்ட வந்திருக்கிறான். நான் பார்த்திருந்தால், திண்ணையில் சித்தப்பாக்களுக்கு எதிரில் என் முகம் எங்கே போயிருக்கும்? அதை நினைத்துத்தான் பெரியவர் அவன் கையை இறக்கினார்.

அன்றைக்கு விடியும்வரை அவர் சொன்ன பெயர்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகப் படித்தேன். முடக்கத்தானுக்கு 1753இல் லின்னேயஸ் வைத்த தாவரவியல் பெயரின் முதல் பாதிக்கு 'இதய விதை' என்று பொருள். கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இதயம் வரைந்தது போல இருக்குமாம். சின்ன வயதில் காற்றடைத்த அந்தக் காயைப் பட்டென்று உடைத்து விளையாடியிருக்கிறேன், உள்ளே இருந்த விதையைப் பார்த்ததில்லை. கீழாநெல்லியை மஞ்சள்காமாலைக்குக் கொடுக்கிற நம் வழக்கத்தை ஒட்டி, நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை என்பதையும் படித்தேன். கறிவேப்பிலைப் புழு கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகும். அதன் பெண்பூச்சிகளில் சில, பறவைகள் தின்னாத இன்னொரு பூச்சியின் சிவப்புப் புள்ளி வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கும். எங்கள் கொல்லையில் இவ்வளவு நடந்திருக்கிறது. "உனக்கு என்ன தெரியும்" என்று நான் கேட்ட மனிதருக்கு இவற்றில் ஒவ்வொன்றும் பெயரோடு தெரிந்திருந்தது. அவற்றைக் காப்பாற்றச் சொல்ல நான் நினைத்திருந்தாலும், எதை என்று சொல்ல எனக்குப் பெயர் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "அவரு இப்பல்லாம் இந்தப் பக்கம் வர்றதில்ல தம்பி. பண்டாரவாடைப் பக்கம் கொடிக்காலுக்கே திரும்பிப் போயிட்டாரு" என்றார். கும்பகோணம் வெற்றிலை என்று ஊர் பெயரில் போனாலும், அது விளைவது இப்படிச் சுற்றியுள்ள காவிரிக்கரை ஊர்களில்தான். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் கைகள்.

கொடிக்காலுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. "செருப்ப வெளியில விட்டுட்டு வாங்க" என்று வாசலில் ஒருவர் சொன்னார். உள்ளே அகத்தி மரங்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் மேலும் வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. வெயில் இலை இலையாக வடிந்துதான் கீழே வந்தது. பெரியவர் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். இறுக்கினால் கொடி அறுந்துவிடும், தளர்த்தினால் சரிந்துவிடும். விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனார்.

"வாங்க தம்பி" என்றார். வேலையை நிறுத்தவில்லை.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். மூன்று பதிவையும் இப்போதுதான் கேட்டேன் என்று சொன்னேன். "நீ" என்று பேசியதைச் சொன்னேன். அவர் கைகள் ஒரு முடிச்சில் நின்றன.

"கேட்டுட்டீங்களா?" என்றார்.

"கேட்டேன்."

கவரை நீட்டினேன். பிரித்து எண்ணி, 1400 ரூபாயை எடுத்துக்கொண்டு மீதியைக் கவரோடு என் கையில் வைத்தார். "இது என் கூலி. மிச்சம் எதுக்குன்னு தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தெருவுல மூணு வீட்டுக்கு மாசம் ரெண்டு தடவ போயிட்டிருந்தேன். அது நின்னு போச்சு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் ஏதாவது வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "நல்லாருக்கான். அவன்தான் ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தான், ஏன் தாத்தா காமிக்க விடலன்னு" என்றார்.

கிளம்பும்போது கொல்லையைப் பற்றி நானாக எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "அகத்தி வராது. இருவாச்சியும் வராது, வேரோட எடுத்தாச்சு. மத்ததெல்லாம் மழைக்கு வந்திருக்கும். போய்ப் பாருங்க."

அன்று சாயங்காலமே மளிகைக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு அந்த மூன்று வீட்டுக்கும் போனேன். நடந்ததைச் சொன்னேன். ஒரு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் தோட்டத்தையே சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். மூன்றாவது வீட்டு அம்மா, "பாக்கலாம்" என்றார். இன்றுவரை அவர்கள் யாரும் பெரியவரைக் கூப்பிடவில்லை. கடையில் நின்று நாலு பேருக்கு நான் சொன்னது எத்தனை வாசல் ஏறி இறங்கியிருக்கும் என்று எனக்குக் கணக்கில்லை.

மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து போயிருந்தது. வெறும் மண்ணாக விட்டுவிட்டுப் போன இடமெல்லாம் பச்சை. கறிவேப்பிலையின் அடிக்கட்டையைச் சுற்றி முழ உயரத்துக்குக் கன்றுகள். மதிலோரம் ஒரு கொடி, அதில் காற்றடைத்த காய்கள். காய்ந்த ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மூன்று விதைகள். கறுப்பு உருண்டையில் வெள்ளையாக ஓர் இதயம், யாரோ சுண்ணாம்பு தொட்டு வைத்தது மாதிரி.

அவற்றைத் தவிர வேறு எதுவும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எது அம்மா விட்டு வைத்தது, எது வழியில் வந்தது என்று புரியவில்லை. போனை எடுத்தேன். பதிவு அனுப்பவில்லை, கூப்பிட்டேன். பையன் எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்தான்.

"கிணத்தடியில நிக்கிறேங்க. சின்னச் செடி. இலை நெல்லி இலை மாதிரி சின்னச் சின்னதா இருக்கு. இது என்னன்னு தெரியல."

"மேலேர்ந்து பாத்தா தெரியாது தம்பி" என்றார். "கீழ உக்காருங்க. கொத்தத் தூக்கி இலைக்கு அடியில பாருங்க."

உட்கார்ந்தேன். ஈர மண்ணில் முழங்கால் பதிந்தது. ஒரு கொத்தை விரலால் மெதுவாக நிமிர்த்தினேன். இலைகளுக்குக் கீழே, நடுக்காம்பை ஒட்டி, கடுகளவில் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கின. மேலே நின்று பார்த்தபோது ஒன்றுகூடக் கண்ணில் பட்டிருக்கவில்லை.

"இருக்குங்க" என்றேன்.

"அப்ப அது கீழாநெல்லி. இருக்கட்டும்." மறுமுனையில் கொடிக்கால் ஆட்கள் ஏதோ பேசிக்கொள்கிற சத்தம் கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"பக்கத்துல என்ன நிக்குது?" என்று கேட்டார்.

எழுந்திருக்காமலே அடுத்த செடிக்கு நகர்ந்தேன்.